ஜன்னல் கம்பியைச் செதுக்கவா, வரையவா?

ஓபன் ரெயில்ஸ் என்ற, கணினியில் ரயில் ஓட்டும் சிமுலேட்டருக்காக, சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலை வகை நீல ஸ்லீப்பர் பெட்டியை இரண்டு தடவை செய்துவிட்டேன். முதல் தடவை கண்ணில் பட்டதையெல்லாம் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செதுக்கினேன்: ஜன்னல் கம்பி, கதவுக் கைப்பிடி, சக்கரங்களைத் தாங்கும் சட்டமான போகியின் சுருள்வில் வரை. அடுத்த தடவை வெளிவடிவத்தை மாற்றுகிற உறுப்புகளை மட்டும் செதுக்கி, மீதியை டெக்ஸ்சரில், அதாவது மாடலின் மேல் போர்த்தும் படத்தில், வரைந்துவிட்டேன். இப்போது என் ரயிலில் ஓடுவது இரண்டாவதுதான்.

கிட்டப் போய்ப் பார்த்தால் செதுக்கியதுதான் அழகு, அதில் பேச்சே இல்லை. வேகம் படுத்துவிடும் என்றுதான் எல்லோரும் பயமுறுத்துவார்கள். கணினி எந்த மாடலையும் முக்கோணங்களாகத்தான் வரையும். எட்டுப் பட்டை உருளையாகச் செய்த ஒரு கம்பிக்கு, முனையை மூடாமலே 16 முக்கோணம். 150 கம்பிக்கு 2,400. 22 பெட்டி கோத்தால் 52,800. ஓரளவு புதிய கிராபிக்ஸ் கார்டுக்கு இது ஒரு சுமையே இல்லை. தூரத்தில் மெல்லிய கம்பிகள் மினுமினுவென்று நெளிவதுதான் கண்ணை உறுத்தியது.

என்னை வழிக்குக் கொண்டுவந்தது பராமரிப்பு. நுணுக்கமாகச் செய்த மாடலைத் தூரத்திலும் அப்படியே காட்டுவது வீண் என்பதால், எளிமையாக்கிய பிரதிகளும் வேண்டும். கிட்ட, நடு, தூரம் என்று மூன்று செய்தேன். அப்புறம் ஒருநாள் புகைப்படத்தோடு ஒப்பிட்டபோது, கதவு இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி இருப்பது தெரிந்தது. கதவை நகர்த்தினால் கைப்பிடி, படிக்கட்டு, பக்கத்து ஜன்னல் எல்லாம் நகர வேண்டும், அதுவும் மூன்று பிரதியிலும். இரண்டு வாரம் போனது. 2018-ல் ரயில்வே பெட்டிகளை மேம்படுத்திய உத்கிருஷ்ட் திட்டத்தில் வந்த பழுப்பு வண்ணத்தைப் பூசப் போனபோது இன்னொரு கூத்து: துண்டு துண்டாகக் கிடந்த உறுப்புகளில் எதற்கு டெக்ஸ்சரின் எந்த மூலை என்று எனக்கே மறந்துவிட்டது. வரைந்த பெட்டியில் அதே வேலை, பக்கவாட்டுப் படம் ஒன்றைத் திறந்து நிறம் மாற்றுவதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் முடிந்தது.

அதற்காக எல்லாவற்றையும் வரைந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். கூரை வென்டிலேட்டர்களை எடுத்துப் பார்த்தேன், பெட்டி சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிட்டது. உடனே திரும்ப வைத்தேன். சுருள்வில்லுக்கு உருளை மேல் வளையம் வரைந்ததே போதுமானதாக இருந்தது.

வி.ஆர். கண்ணாடியில் நண்பர் வீட்டில் அரைமணி நேரம் பார்த்ததோடு சரி. அதில் வரைந்த கம்பி ஒட்டிய ஸ்டிக்கராகத்தான் தெரிந்தது. அதிலேயே ஓட்டுகிறவர் என்றால் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து டபிள்யூஏபி-7 மின்சார இன்ஜின். மேலே மின்கம்பியைத் தொடும் பேன்டோகிராஃப் ஏறி இறங்க வேண்டும், கேபினில் பிரேக் கைப்பிடி அசைய வேண்டும். அவற்றைச் செதுக்கித்தான் ஆக வேண்டும். பக்கவாட்டு கிரில்லை மட்டும் வரைந்துகொள்ளலாம் என்றிருக்கிறேன்.