ஒன்பது ஆண்டு மின்னகராதியும் ஒரே ஒலியுடைய இரு சொற்களும்

மூடியின் கீல் உடைந்து பழுதுபார்க்கப் போயிருந்த என் மின்னகராதி சென்ற வாரம் திரும்பி வந்தது. இதே கருவியைப் பழையதாக வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஜப்பானியத் தொழில்நுட்ப ஆவணங்களை மொழிபெயர்க்கும் பணியில் ஒன்பது ஆண்டுகள் இதனோடு பழகியவன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒவ்வொன்றும் ஒரு பொருளைக் குறிக்கும் சீன எழுத்துகளைத் திரையில் கையால் எழுதித் தேடும் வசதிதான் இதன் பெருஞ்சிறப்பு. மாற்றத்தைக் குறிக்கும் எழுத்தையும் கல்வியைக் குறிக்கும் எழுத்தையும் அடுத்தடுத்து எழுதினால் வேதியியலுக்கான சொல் கிடைக்கும். 1850களில் ஷாங்காய் அச்சகங்களின் வெளியீடுகளில் வழங்கத் தொடங்கிய அச்சொல்லைச் சீனர் ஹுவாசுவே என்றும், ஜப்பானியர் ககாகு என்றும், கொரியர் ஹ்வாஹாக் என்றும், வியட்நாமியர் ஹோவா ஹோக் என்றும் ஒலிக்கின்றனர். இரண்டே எழுத்துகளைக் கற்றதில் நான்கு மொழிகளின் சொல் கைவசமாகிற மகிழ்ச்சி எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆனால் அறிவியலுக்கான சொல்லும் ஜப்பானியத்தில் ககாகுதான். முதலெழுத்து வேறு, சீனம், கொரியம், வியட்நாமியம் மூன்றிலும் ஒலியும் வேறு, ஜப்பானியத்தில் மட்டும் ஒலியின் ஏற்ற இறக்கம்கூட வேறுபடுவதில்லை. இக்குழப்பத்தைத் தவிர்க்க அங்குள்ளோர் பேச்சில் வேதியியலைப் பகெகாகு என்பார்கள். 'உருமாறு' என்னும் நாட்டுச் சொல்லால் முதலெழுத்தை வாசிக்கும் முறை அது. என் அகராதியில் பகெகாகு தனிப் பதிவாக எங்கோ இருக்கிறதே தவிர, ககாகு பதிவுகள் இரண்டில் எதிலும் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. தொலைபேசிக் கலந்தாய்வொன்றில் கேட்ட 'ககாகு கிஜுட்சு'வை அறிவியல் தொழில்நுட்பம் என்று நான் எழுதிவிட, பேசியவர் கருதியது வேதித் தொழில்நுட்பம் என்று பிறகு தெரிந்து, பதினொரு பக்கங்களைத் திருத்த நேர்ந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஜப்பானில் ஒரு காலத்தில் வேதியியலுக்கு வேறு சொல் இல்லாமலும் இல்லை. ஜப்பானிய அறிஞர் உதகாவா யோவான் 1837இல் வெளியிடத் தொடங்கிய வேதியியல் நூலின் பெயரிலேயே, டச்சுச் சொல்லிலிருந்து வந்த 'செய்மி' இருக்கிறது. 1869இல் ஒசாக்காவில் தொடங்கிய வேதியியல் கல்விக்கூடமும் செய்மிக்யோகு என்றே அழைக்கப்பட்டது. அச்சொல் நிலைத்திருந்தால் என் காது பிழைத்திருக்கும். நியாயமாகச் சொன்னால், நான்கு மொழிகளின் அந்த மகிழ்ச்சியையும் நான் இழந்திருப்பேன்.

'பகெகாகுவா என்று கேள்' என ஒரு துண்டுத்தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டியிருந்தேன். புது மூடி மாட்டித் தந்தவர்கள் பழைய மூடியோடு அதையும் எறிந்துவிட்டார்கள். இத்தனை விலையுள்ள அகராதி சொல்லாததைச் சொல்லிவந்தது அந்தத் தாள்தான். நண்பரே, இதை வாங்க வேண்டாம்.