வராத நாளுக்கும் கட்டணம்: உளப்பகுப்பாய்வில் நெடுநாள் அனுபவம்

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறெதுவும் எழுத ஓடாது. நான் போய்வரும் உளப்பகுப்பாய்வில், அதாவது பேசிப் பேசியே அடிமனதில் இருப்பதை வெளியே கொண்டுவரும் சிகிச்சையில், வராத நாளுக்கும் முழுக் கட்டணம். காய்ச்சலா, கல்யாணமா, மும்பை மழையா, எதுவும் எடுபடாது.

வாரம் இரண்டு நாள், ஐம்பது நிமிடம், சோபாவில் படுத்துக்கொண்டு மனதில் வருவதைச் சொல்ல வேண்டும், தெரபிஸ்ட் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார் என்பதெல்லாம் தெரிந்த விஷயம். நான் சொல்ல வந்தது வேறு. ஒரு ஜூலையில் சயானில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி, குர்லாவைத் தாண்டியதும் என் ரயில் நின்றுவிட்டது. மெசேஜ் அனுப்பினேன். மாதக் கடைசிக் கணக்கில் அந்த நாளும் இருந்தது. கேட்டேன். "அந்த நேரம் உங்களுக்காகத்தான் இருந்தது" என்றார். கொஞ்சம் விட்டு, "ரயில் நின்றதில் உங்களுக்குச் சற்று நிம்மதியும் இருந்ததா?" என்றார்.

சயானில் தண்ணீர் நிற்பதற்கும் என் அடிமனதுக்கும் என்ன சம்பந்தம்! ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஜிபேயில் பணத்தை அனுப்பிவிட்டேன்.

இந்த வழக்கம், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டிடமிருந்தே வருகிறது. 1913இல் எழுதிய கட்டுரையில், பேஷண்டுக்கென்று ஒதுக்கிய மணிக்கு அவர் வந்தாலும் வராவிட்டாலும் பணம் தர வேண்டும், சங்கீதமும் மொழியும் கற்றுக்கொடுக்கிறவர்கள் வாங்குவதில்லையா என்று நியாயம் பேசுகிறார். ஆளைச் சோபாவில் படுக்க வைப்பதற்கு அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று, தினம் எட்டு மணி நேரம் அடுத்தவர் தன்னை உற்றுப் பார்ப்பதைத் தாங்க முடியவில்லை என்பது. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. கட்டண விஷயம் பிடிக்கவில்லை.

அதன் பிறகு நான் மிக நல்ல பேஷண்ட் ஆகிவிட்டேன். நேரத்துக்குப் போனேன். கனவுகளை ஆதி அந்தமாகச் சொன்னேன். அவர் விளக்கம் சொன்னால் "ஆமாம், இருக்கலாம்" என்றேன். அவரும் குரலைத் தாழ்த்தி, முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறோம் என்பார். ஒரு இடத்துக்கும் வரவில்லை. சம்பந்திகள் மாதிரி ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டிருந்தோம். கடிகாரம் எனக்குப் பின்னால் இருப்பதால், அவர் பேனாவை மூடும் அந்தச் சின்ன 'டிக்'தான் எனக்கு மணி. மாதக்கணக்காக அந்தச் சத்தத்துக்காகவே படுத்திருந்தேன். தூக்கம் மறுபடி கெட ஆரம்பித்தது.

ஒரு முடிவுத் தேதி வைத்துவிடலாமா என்று கூட யோசித்தேன். அதுவும் ஃப்ராய்ட் செய்து பார்த்ததுதான். 1910இல் அவரிடம் வந்த செர்கெய் பான்கெயெஃப் என்ற ரஷ்யப் பணக்கார இளைஞர், மரியாதையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார், எதற்கும் அசைய மாட்டார். (படித்தபோது எனக்குக் குறுகுறுத்தது.) பல வருஷம் பார்த்துவிட்டு, இந்தத் தேதியோடு சிகிச்சை முடிகிறது என்று ஃப்ராய்ட் கெடு வைத்தார். விஷயங்கள் மளமளவென்று வெளியே வந்தன, 1914இல் முடித்தும் வைத்தார். ஆனால் அந்த மனிதர் பிற்பாடு திரும்பவும் சிகிச்சைக்கு வரத்தான் வேண்டியிருந்தது. 1937இல் ஃப்ராய்டே அந்த உத்தியை மிரட்டல் என்கிற ரீதியில்தான் குறிப்பிடுகிறார்.

சிகிச்சை நகராமல் நின்றுபோனால் பேஷண்டின் எதிர்ப்பு, அதாவது மனதில் இருப்பது வெளியே வராமல் அவரே தடுக்கிறார் என்று எழுதிவிடுவது பழைய பழக்கம். அர்ஜென்டினாவின் உளப்பகுப்பாய்வாளர்களான வில்லி, மடலைன் பாராஞ்சே தம்பதி அதை ஒப்புக்கொள்ளவில்லை. பேஷண்டும் தெரபிஸ்டும் பேசிவைக்காமலே ஒரு விஷயத்தைத் தொடாமல் விட்டு, அதைச் சுற்றிக் கொத்தளம் எழுப்பிக்கொள்கிறார்கள், அதைக் கட்டியதில் தெரபிஸ்டுக்கும் பங்கு உண்டு என்றார்கள். ஓட்டம் நின்ற இடத்தில் தெரபிஸ்ட் தன்னையும் சேர்த்து இரண்டாவது முறை பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வைத்தியம்.

நியாயமாகச் சொன்னால், எங்கள் கொத்தளத்தை முதலில் இடித்தவர் என் தெரபிஸ்ட்தான். ஒரு நாள் நான் ஏதோ கனவை ஆரம்பிக்க, குறுக்கே வந்தார். அவர் குறுக்கே வந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "அந்த மழை நாளைப் பற்றி நாம் பேசவே இல்லை. நீங்களும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. உங்கள் கோபத்துக்குப் பயந்து நானும் ஒதுங்கியிருந்தேன் என்று தோன்றுகிறது." இதைப் பற்றி ஒரு மூத்த தெரபிஸ்டிடம் பேசியதாகவும் சொன்னார்.

அப்புறம் நான் பேசியது வெளியே காத்திருந்தவருக்கும் கேட்டிருக்கும். கத்திக்கொண்டே போனவன் ஹாஸ்டல் கதையில் போய் நின்றேன். மஞ்சள்காமாலையில் கிடந்த மாதம், சாப்பிடாத சாப்பாட்டுக்கு எதற்கடா மெஸ் பணம் கட்டினாய் என்று அப்பா கணக்கு கேட்டதும், நான் "சரிப்பா" என்றதும். அதை அவரிடமே பல தடவை ஜோக்காகச் சொல்லியிருக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை. 'அப்போது நான்தான் உங்கள் அப்பா' என்று அவர் முடிச்சுப் போட்டிருந்தால் எழுந்து போயிருப்பேன். போடவில்லை, சும்மா இருந்தார். அத்தனை மாதம் எரிச்சல் மூட்டிய அதே மௌனம் அன்று எனக்கு வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அப்பாவோடு போனில் பேசும்போது "சரிப்பா" கொஞ்சம் குறைந்திருக்கிறது. வேறு எந்த மருந்தும் இதைச் செய்யவில்லை.

சேரலாமா என்று ஆபீஸ் நண்பர் கேட்கிறார். வேண்டாம் என்றுதான் சொன்னேன். மீறிச் சேர்ந்தால், வராத நாள், லீவு, கட்டண உயர்வு மூன்றையும் முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். நின்றுபோனதாகத் தோன்றினால் அதையே வாய்விட்டுச் சொல்லட்டும். எதைச் சொன்னாலும் "இது உங்கள் எதிர்ப்பு" என்று மட்டுமே பதில் வந்தால் ஆளை மாற்றிவிடலாம்.

என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை. மழை நாள் பணம் திரும்பி வரவே இல்லை. இந்த ஏப்ரலில் கட்டணம் வேறு ஏறியிருக்கிறது. குறைக்கச் சொன்னேன், ஏன் கேட்கிறேன் என்பதைப் பற்றி ஒரு செஷன் முழுக்கப் பேசினோம். நல்ல செஷன். குறைக்கவில்லை.