மொபிலிட்டி ஸ்கூட்டர்: மடக்குற நாலு சக்கரமா, லோக்கல் மூணு சக்கரமா?

எனக்கு சின்ன வயசுலயே போலியோ, இடது கால். நாப்பது வயசு வரைக்கும் கேலிப்பர் (கால தாங்குற இரும்புச் சட்டம்) போட்டுக்கிட்டு தண்டையார்பேட்டை வீட்டுலேர்ந்து டெய்லரிங் கடைக்கு நடந்தேதான் போவேன், ஒரு கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல இருக்கும். அதுக்கப்புறம் நல்லா இருந்த வலது முட்டியும் தோளும் வலிக்க ஆரம்பிச்சுது. போலியோ வந்தவங்களுக்கு பல வருஷம் கழிச்சு இப்படி தசை சோர்ந்து போறது உண்டு, நடையக் குறைங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். நடையக் குறைச்சா ஆட்டோ, போக 60 வர 60. ப்ளவுஸ் தைச்சு பொழைக்கறவளுக்கு அது எவ்வளவுன்னு சொல்லத் தேவையில்ல. சீட்டு எடுத்த காசு 70,000 கையில இருந்துச்சு, மூணு மாசம் அலைஞ்சு விசாரிச்சு 2023 ஜூன்ல மொபிலிட்டி ஸ்கூட்டர், அதாவது நடக்கக் கஷ்டப்படறவங்க உக்காந்து ஓட்டுற பாட்டரி வண்டி வாங்குனேன். விசாரிச்சப்ப தெரிஞ்சதையும் இத்தனை நாள் ஓட்டுனதுல தெரிஞ்சதையும் எழுதுறேன், இதே நிலைமையில யாராவது இருந்தா உதவும்.

முதல்ல நான் வேணாம்னு விட்டத சுருக்கமா சொல்லிடுறேன். சைடு வீல் மாட்டுன பெட்ரோல் ஸ்கூட்டர் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ரெண்டு காலும் பாதிச்சு கை நல்லா இருக்கறவங்களுக்கு அரசாங்கமே குடுக்குது, அது கிடைக்கற தகுதி இருந்தா வேற எதையும் யோசிக்காம அதுக்கு எழுதிப் போடுங்க. எனக்கு ஒரு கால்தான். சொந்தக் காசுல வாங்குனா லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், வருஷா வருஷம் இன்சூரன்ஸ், அப்பவே லிட்டர் நூறு ரூபாய்க்கு வித்த பெட்ரோல், தினமும் அஞ்சாறு கிலோமீட்டர் போறவளுக்கு இது அதிகம். கான்பூர்ல இருக்கற மத்திய அரசு நிறுவனம் அலிம்கோ செய்யுற பாட்டரி டிரைசைக்கிள் முகாம்ல குடுப்பாங்க, வாங்குனவங்க நல்லபடியாத்தான் சொல்றாங்க, ஆனா முகாம் வர்ற வரைக்கும் என் முட்டி காத்திருக்காது. வீல்சேர்லயே இருக்கறவங்களா இருந்தா நம்ம ஐஐடி மெட்ராஸ்லேர்ந்து வந்த நியோபோல்ட்ட கட்டாயம் பாக்கணும். வீல்சேருக்கு முன்னாடி மோட்டார் சக்கரம் மாட்டுனா வண்டி, கழட்டுனா திரும்ப வீல்சேர். 25 கிலோமீட்டர் வேகம், ஒரு சார்ஜுக்கு 25 கிலோமீட்டர்னு சொல்றாங்க. நான் வீல்சேர்ல இல்ல, ஒரு தடவ பக்கத்துல நின்னு பாத்ததோட சரி, அதனால அதப் பத்தி இதுக்கு மேல சொல்ல எனக்கு அருகதை இல்ல.

மிச்சம் இருந்தது ரெண்டு. ஒண்ணு வெளிநாட்டு மாடல்ல வர்ற நாலு சக்கர மொபிலிட்டி ஸ்கூட்டர், மடக்கி கார் டிக்கில வெக்கலாம், லித்தியம் பாட்டரியோட 98,000 சொன்னாங்க, லெட் ஆசிட் பாட்டரி வெச்ச மடக்க முடியாத சின்னது 74,000. இன்னொண்ணு இங்கயே அசெம்பிள் பண்ற மூணு சக்கர பாட்டரி வண்டி, முன்னாடி ஒண்ணு பின்னாடி ரெண்டு, ஸ்கூட்டர் ஹேண்டில், சாய்மானம் வெச்ச சீட்டு, 68,000. நான் வாங்குனது இந்த மூணு சக்கரம். ஆனா நாலு சக்கரத்த ரெண்டு வாரம் முழுசா ஓட்டிப் பாத்திருக்கேன், வியாசர்பாடில ஒரு அக்கா வெச்சிருந்தாங்க, ஊருக்குப் போனப்ப என்கிட்ட விட்டுட்டுப் போனாங்க.

அந்த ரெண்டு வாரத்துல எனக்கு ரொம்பப் புடிச்சது பிரேக். நாலு சக்கரத்துல கைய எடுத்தா போதும், காந்த பிரேக் தானா புடிச்சிக்கும், சரிவுல கூட வண்டி நகராது. கால ஊன முடியாதவங்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதின்னு கால ஊன முடியாதவங்களுக்குத்தான் தெரியும். என் வண்டில அது கிடையாது, டிரம் பிரேக், நிறுத்துனா லாக் போடணும், முதல் மாசம் ஒரு தடவ லாக் போட மறந்து கடை வாசல் சரிவுல வண்டி பின்னாடி உருண்டு ரொம்ப பயந்துட்டேன். அதோட நாலு சக்கரம் கடைக்குள்ள வரும், 2021-ல விம்கோ நகர் வரைக்கும் வந்த மெட்ரோல லிப்டுல ஏறும், மடக்குனா கட்டிலுக்கடியில போயிடும். ரெண்டாவது மாடில வீடு, வண்டி நிறுத்த இடமில்ல, தூக்கிட்டுப் போக பையன் இருக்கான்னா நாலு சக்கரந்தான் சரி, நான் மறுக்க மாட்டேன்.

ஆனா நம்ம ரோடு அதுக்கானது இல்ல. சின்ன சக்கரம், மொத்தமே எட்டு இன்ச் உயரம்தான், அடில கை நுழையற அளவுதான் இடைவெளி. டிஎச் ரோட்டுலேர்ந்து சந்துக்குள்ள திரும்புற இடத்துல மேன்ஹோல் மூடி ரோட்ட விட ஒசந்து நிக்கும், அதுல அடி தட்டி நின்னுடுச்சு, பின்னாடி கன்டெய்னர் லாரி. கல்மண்டபம் மார்க்கெட்ல தண்ணியும் சேறும் தேங்குன இடத்துல ரெண்டு தடவ சுத்திக்கிட்டு வந்தேன். என் வண்டில பத்து இன்ச் ரிம், ஆக்டிவா டயர் சைஸ், 90/100-10. பஞ்சரானா தெருமுனைல ஒட்டிடலாம், டயர் தேஞ்சா எந்த டூ வீலர் கடைலயும் கிடைக்கும். நாலு சக்கரத்தோட டயர் கெட்டி ரப்பர், பஞ்சர் ஆகாது, அது நல்லதுதான், ஆனா தேஞ்சதும் சக்கரத்தோட சேத்து வரவழைக்கணும்.

மழைக்கும் இதே சக்கர உயரம்தான் கணக்கு. என் வண்டில மோட்டார் பின் சக்கரத்துக்குள்ளயே இருக்கு, டயரையும் சேத்தா சக்கரத்தோட நடு மையம் தரையிலேர்ந்து எட்டு, எட்டரை இன்ச். தண்ணி அதுக்குக் கீழ இருக்கற வரைக்கும் பயமில்ல, மேல போனா ஒயர் நுழையற ஓட்டை வழியா உள்ள எறங்கும். நாலு சக்கரத்துல அந்த மையமே நாலு இன்ச்சுலதான் இருக்கு. கணேசபுரம் சப்வே பக்கம் மழைல போனவங்களுக்கு நாலு இன்ச் தண்ணின்றது தண்ணியே இல்ல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அப்போ என் வண்டிய ஹாலோ பிளாக் கல்லு மேல ஏத்தி வெச்சோம், பாட்டரிய கழட்டி வீட்டுக்குள்ள மேசை மேல வெச்சேன், அதனால தப்பிச்சுது. மழை முடிஞ்சு பாட்டரிய மாட்டுறப்ப கனெக்டர்ல பச்சை பூத்திருந்துச்சு, கடல்காத்து வேற, இப்ப மூணு மாசத்துக்கு ஒருக்கா தேச்சு வேசலின் தடவுறேன்.

இதெல்லாம் இருக்கட்டும், கடைசில நான் முடிவெடுத்தது ஒரே விஷயத்த வெச்சுதான், பாட்டரி. வாங்கறப்ப யாரும் பாட்டரியப் பத்தி சரியா சொல்ல மாட்டாங்க, எத்தன கிலோமீட்டர் ஓடும்னுதான் சொல்லுவாங்க. நாம கேக்க வேண்டியது, இது செத்தா எவ்வளவு, எங்க கிடைக்கும், எத்தன நாள் ஆகும்.

என் வண்டில 12 வோல்ட் லெட் ஆசிட் பாட்டரி நாலு, வரிசையா இணைச்சு 48 வோல்ட், 20 ஏஎச் (ஆம்பியர்-அவர், பாட்டரி எவ்வளவு புடிக்கும்ங்கற அளவு). முழு சார்ஜுக்கு ஒரு யூனிட்டும் கொஞ்சமும், நான் ஓட்டுற ஓட்டத்துக்கு ரெண்டு மாசத்துக்கு பதினஞ்சு யூனிட் கூட வராது, வீட்டுக்குக் குடுக்கற இலவச யூனிட்லயே அடங்கிடும். கரெண்ட் செலவப் பத்தி யோசிக்கவே வேணாம். செலவு பாட்டரி மாத்தறதுலதான். என்னோட முதல் செட் 19 மாசம் வந்துச்சு. 2025 ஜனவரில வண்டி திடீர்னு பாதி தூரத்துலயே தள்ளாட ஆரம்பிச்சுது, கொருக்குப்பேட்டைல ஒரு மெக்கானிக் தம்பி, ஈ-ரிக்‌ஷா எல்லாம் பாக்கறவர், சீட்டத் தூக்கி ஒவ்வொரு பாட்டரியா மீட்டர் வெச்சுப் பாத்தார். சும்மா நிக்கறப்ப எல்லாமே 12.7 வோல்ட் கிட்ட காட்டுச்சு, ஆக்சிலேட்டர் முறுக்குனா ஒண்ணு மட்டும் 9-க்கு எறங்குச்சு. "இன்னாக்கா, நாலுல ஒண்ணு உக்காந்துடுச்சி, மத்த மூணும் அத்த இழுத்துக்கினு ஓடுது, அதுங்களும் சீக்கிரம் உக்காரும்"னார். ஒண்ண மட்டும் மாத்துனா புதுசையும் பழசு கெடுக்கும்னு நாலையும் மாத்துனோம், 11,500, பழச எடுத்துக்கிட்டு 2,000 கழிச்சாங்க. 9,500. காலைல விட்டு சாயங்காலம் எடுத்துட்டு வந்தேன்.

இப்ப அந்த அக்காவோட லித்தியம் பாட்டரி. அது ஒரே பெட்டி, அந்தக் கம்பெனி டிசைன், உள்ள தனி சர்க்யூட், தனி கனெக்டர். மூணாவது வருஷம் ஒரு நாள் சார்ஜே ஏறல. வித்த கடைல கேட்டா புது பெட்டி 34,000, வர 45 நாள். ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல பெட்டிக்குள்ள இருக்கற பாட்டரி செல் மட்டும் மாத்த முடியுமான்னு நானும் கூடப் போனேன், ரெண்டு கடைல பெட்டியத் திறக்க மாட்டேன்னுட்டாங்க, ஒருத்தர் திறந்து பாத்துட்டு செல் நல்லா இருக்கு, சர்க்யூட்தான் போச்சு, இதே சர்க்யூட் கிடைக்காதுன்னார்.

நியாயமா ஒரு கணக்கு சொல்லணும். என் செட்டு 9,500-ஐ 19 மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 500. அந்த லித்தியம் பெட்டி 34,000, ஒழுங்கா அஞ்சு வருஷம் வந்துச்சுன்னா மாசம் 567. பெரிய வித்தியாசமே இல்ல! லித்தியம் எடை கம்மி, சீக்கிரம் சார்ஜ் ஏறும், முழுசா வடிஞ்சாலும் லெட் ஆசிட் அளவுக்குக் கெடாது, அதெல்லாம் உண்மை. அப்புறம் ஏன் நான் லெட் ஆசிட் பக்கம் நிக்கறேன்னா, மாசக் கணக்குல ஒண்ணா இருக்கறது கையில இருக்கற காசுல ஒண்ணா இருக்காது. 9,500-ன்னா தீபாவளி சீசன்ல தைச்ச காசுல ஒதுக்கிடுவேன். 34,000-ன்னா திரும்ப ஒரு சீட்டு எடுக்கணும், இல்ல நகை அடகுக்குப் போகணும். அதுலயும் 45 நாள் வண்டி இல்லன்னா அந்த 45 நாளுக்கு ஆட்டோ 5,400, அக்கா வண்டி நின்னப்ப வேலைக்கே போகல. சம்பளம் மாசா மாசம் வர்றவங்களுக்கு இந்த வித்தியாசம் ஒண்ணும் இல்லாம இருக்கலாம், தினக்கூலி மாதிரி சம்பாதிக்கறவங்களுக்கு ஒரே அடில விழுற செலவுதான் வண்டிய மூலைல போட வெக்குது. அக்கா வண்டி இன்னும் மூலைலதான் நிக்குது.

லெட் ஆசிட் எடுத்தா பழக்கம் சரியா இருக்கணும். நாள் பூரா ஓட்டி சுத்தமா வடிய விடக்கூடாது, ஓட்டிட்டு வந்த அன்னிக்கே சார்ஜ் போடணும், வடிஞ்சபடி ஒரு வாரம் கிடந்தா உள்ள உப்பு படிஞ்சு போயிடும், திரும்ப வராது. அதுக்காக வெயில்ல வந்த உடனே சூட்டோட போடாதீங்க, ஒரு மணி நேரம் ஆறட்டும். 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு பத்து டிகிரி சூட்டுக்கும் ஆயுசு பாதியாகும்னு பாட்டரிக்காரங்க கணக்கு சொல்றாங்க, அக்னி நட்சத்திரத்துல தகர ஷீட்டுக்கு அடில வண்டி நிறுத்துனா என்ன ஆகும்னு பாத்துக்கோங்க. நான் முதல் வருஷம் அப்படித்தான் நிறுத்துனேன், 19 மாசத்துல போனதுக்கு அதுவும் காரணமா இருக்கும்னு நெனக்கிறேன், உறுதியா சொல்ல முடியாது. இப்ப பழைய சாக்கு நனைச்சு ஷீட் மேல போடுறோம்.

மூணு சக்கரம் வாங்கறவங்க ரெண்டு விஷயம் ஜாக்கிரதை. திருப்பத்துல வேகமா ஒடிச்சா உள்பக்க சக்கரம் தூக்கும், முன்னாடி ஒரே சக்கரம்தானே, எவ்வளவு பழகுனாலும் திருப்பத்துல நடந்து போற வேகம்தான். இன்னொண்ணு மோட்டார். 250 வாட்டுக்குள்ள, 25 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள இருக்கற பாட்டரி வண்டிக்குத்தான் ரிஜிஸ்ட்ரேஷன், லைசென்ஸ் தேவையில்ல. சில இடத்துல பெரிய மோட்டார் போட்டுட்டு பேப்பர்ல 250-ன்னு எழுதிக் குடுக்கறாங்க, எனக்கே ஒருத்தர் "மேம்பாலம் பிச்சுக்கிட்டு ஏறும் மேடம்"னு சொல்லி விக்கப் பாத்தார். ஏஆர்ஏஐ, ஐகேட் மாதிரி அரசாங்கம் அங்கீகரிச்ச வண்டி சோதனை மையத்துல டெஸ்ட் பண்ண சர்டிபிகேட் காட்டச் சொல்லுங்க, காட்டலன்னா எழுந்து வந்துடுங்க, நாளைக்கு ஒரு ஆக்சிடென்ட்னா நம்ம தலைலதான் விடியும். 250 வாட் வண்டி பாலத்துல மெதுவாத்தான் ஏறும், நான் பாலத்துப் பக்கமே போறதில்ல, சுத்திக்கிட்டுப் போறேன்.

செகண்ட் ஹேண்ட் கேக்கறாங்க நிறைய பேர். நாலு சக்கரம் செகண்ட் ஹேண்ட்ல நல்ல கண்டிஷன்ல 38,000-க்கு எனக்கு வந்துச்சு, வீட்டுப் பெரியவர் போயிட்டார்னு வித்தாங்க, மொத்தமே நாலஞ்சு தடவதான் ஓட்டுனதாம். பாக்க புதுசு மாதிரி. பாட்டரி மேல அச்சடிச்சிருந்த தயாரிப்பு மாசத்தப் பாத்தா மூணு வருஷம் தாண்டியிருந்துச்சு, ஓட்டாம சார்ஜ் போடாம நின்ன பாட்டரி, ஓட்டுனத விட மோசம். அந்த மாசத்தப் பாக்காம முன்பணம் குடுக்காதீங்க. 24 வோல்ட் லெட் ஆசிட் மாடலா இருந்து, சாதாரண 12 வோல்ட் பாட்டரி ரெண்டு உள்ள உக்காருதுன்னா, பாட்டரி செலவையும் சேத்துப் பேரம் பேசி வாங்கலாம், அந்த மாதிரி கிடைச்சிருந்தா நானே யோசிச்சிருப்பேன்.

இப்ப என்னோட ரெண்டாவது செட் பதினோராவது மாசம் ஓடுது, இன்னும் தள்ளாடல. இது போனா இரும்பு பாஸ்பேட் லித்தியம் 48 வோல்ட் போட்டுடலாம்க்கா, பொதுவா கிடைக்கற பெட்டிதான், போனா நானே பாத்துக்கறேன்னு அந்தத் தம்பி சொல்றார், சார்ஜரும் மாத்தணுமாம். விலை கேட்டு வெச்சிருக்கேன், இன்னும் முடிவு பண்ணல, யாராவது இந்த மாதிரி வண்டில போட்டு ரெண்டு மழைக்காலம் ஓட்டியிருந்தா எப்படி இருக்குன்னு சொல்லுங்க.