தனி வகுப்பா, பொது வகுப்பா: வேறு நாட்டிலிருந்து வந்த பிள்ளையை எங்கே உட்கார வைப்பது?

மொழி தெரியாத ஊருக்குப் புதிதாக வந்த பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது இரண்டு கட்சி எழும். மொழி பிடிபடும் வரை தனி வகுப்பில் வைக்கலாம் என்பார்கள் சிலர், முதல் நாளே எல்லோரோடும் உட்காரட்டும், தானாக வந்துவிடும் என்பார்கள் மற்றவர்கள். என் ஓட்டு பொது வகுப்புக்கு, ஆனால் தாய்மொழி தெரிந்த ஒருவர் கூட இருந்தால்தான். 14, 15 வயதில் வருகிறவர்கள் கதை கொஞ்சம் வேறு.

தனி வகுப்பை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பெர்லினிலும் கனடாவின் கியூபெக்கிலும் இதற்கு 'வரவேற்பு வகுப்பு' என்றே பெயர். அங்கே எல்லோரும் புதியவர்கள், தப்பாகப் பேசினால் சிரிக்க ஆளில்லை, ஆசிரியரும் இதற்கென்றே பயிற்சி பெற்றவர், அதனால் பிள்ளை பயமில்லாமல் வாயைத் திறக்கும். ஆனால் அந்த அறையில் புது மொழியைச் சரளமாகப் பேசுகிற ஒரே ஆள் ஆசிரியர்தான்! மற்ற பாடங்களும் நின்றுபோகின்றன, ஊரில் இயற்கணிதம் போட்டுக்கொண்டிருந்த பையன் பழங்களின் படத்துக்குப் பெயர் எழுதிக்கொண்டிருப்பான். இங்கிலாந்தில் முன்பு இப்படித் தனி மொழி மையங்கள் இருந்தன. கால்டர்டேல் பகுதியில் நடந்தது மறைமுக இனப் பாகுபாடு என்று இன சமத்துவ ஆணையம் 1986இல் சொன்னது, அதற்கப்புறம் அந்த நாடு பொது வகுப்புப் பக்கம் வேகமாகச் சாய்ந்தது.

அதற்காக, எந்தத் துணையும் இல்லாமல் பொது வகுப்பில் போடுவது கண்ணைக் கட்டிக் காட்டில் விடுவதுதான். சான் பிரான்சிஸ்கோவின் சீன மாணவர்கள் தொடுத்த லாவ் எதிர் நிக்கோல்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974இல் சொன்னதும் இதையே: ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் கொடுத்துவிட்டால் அது சமத்துவம் ஆகிவிடாது. இந்த வழியில் இன்னொரு ஏமாற்றமும் இருக்கிறது. ஓரிரு வருடத்தில் பிள்ளை விளையாட்டு மைதானத்தில் புது மொழியில் வெளுத்து வாங்கும், எல்லோரும் மொழி வந்துவிட்டது என்று நினைத்துத் துணையை நிறுத்திவிடுவார்கள். ஆனால் பாடப் புத்தகத்தின் மொழி வேறு, அதில் சக மாணவர்களை எட்டிப் பிடிக்க 5 முதல் 7 வருடம்கூட ஆகும் என்று கனடாவின் மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் பல காலமாகச் சொல்லி வருகிறார். கலிபோர்னியா 1998இல் வாக்கெடுப்பு நடத்தி, ஆங்கிலத்துக்குத் தனிப் பயிற்சி பொதுவாக ஒரு வருடம் போதும் என்று சட்டம் போட்டது, பிறகு 2016இல் இன்னொரு வாக்கெடுப்பில் அதன் பெரும்பகுதியை எடுத்துவிட்டது.

நடுவழியாகப் பல பள்ளிகள் செய்வது, தினம் ஒரு பீரியடுக்குப் பிள்ளையை வெளியே அழைத்துப்போய் மொழி சொல்லிக்கொடுப்பது. கால அட்டவணைக்கு வசதி, பிள்ளைக்கு அவ்வளவாக இல்லை. அறிவியல் சோதனை தொடங்கும்போது எழுந்து போகும், திரும்பி வரும்போது மற்றவர்கள் முடிவை எழுதிக்கொண்டிருப்பார்கள், என்ன நடந்தது என்று கேட்கும் அளவுக்கு இன்னும் மொழி வந்திருக்காது.

எனக்குப் பிடித்தது சுவீடன் முறை. அங்கே தாய்மொழி தெரிந்த ஒரு துணை ஆசிரியர், பாடத்துக்கு முன்னாலோ நடுவிலோ பின்னாலோ, அதே பாடத்தைப் பிள்ளையின் மொழியில் விளக்குவார். ஒளிச்சேர்க்கை பற்றி ஒரு பெண்ணுக்கு ஏற்கெனவே தெரியும், சொல்லத்தான் தெரியாது என்பது இப்படி ஒருவர் இருந்தால்தான் வெளியே வரும். கணக்கிலும் அப்படித்தான். மூன்றரையை 3.5 என்று எழுதும் நாடும் உண்டு, 3,5 என்று எழுதும் நாடும் உண்டு, வகுத்தல் போடும் அமைப்பும் இடத்துக்கு இடம் மாறும். தெரியாத ஆசிரியர் சரியான விடைக்குத் தப்பு போட்டுவிடுவார். இதில் சிக்கல் ஆள் கிடைப்பதுதான், ஒரு மொழிக்கு ஒரே பிள்ளை இருக்கிற பள்ளி என்ன செய்யும்? இணையவழியில் ஏற்பாடு செய்யலாம். அதே மொழி பேசும் சக மாணவனை மொழிபெயர்ப்பாளர் ஆக்குவது மட்டும் வேண்டாம், கழிப்பறை எங்கே, சாப்பாடு எங்கே என்று காட்ட அவன் போதும், பாடம் நடத்த அவனைப் பிடிப்பது அவனுக்கும் அநியாயம். (வீட்டிலும் புது மொழியே பேசுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்கிற ஆசிரியர்களை என்ன சொல்வது! அரைகுறை மொழியில் பேசும் அம்மாவைவிடச் சொந்த மொழியில் கதை சொல்லும் அம்மா மேல்.)

சரி, 14, 15 வயது. பொதுத்தேர்வு பக்கத்தில் நிற்கும், போர், இடப்பெயர்வு என்று சிலருக்கு வருடக்கணக்கில் பள்ளியே விட்டுப்போயிருக்கும். இவர்களுக்குக் கொஞ்ச காலம் தனி வகுப்பு தேவைதான். பிரான்ஸில், சொந்த ஊரில் பள்ளிக்கே அதிகம் போகாதவர்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு, ஆனால் மொழி வகுப்பில் இருக்கும் மாணவரின் பெயர் வழக்கமான வகுப்பிலும் இருக்க வேண்டும், உடற்பயிற்சி, இசை மாதிரிப் பாடங்களுக்கு அங்கே போக வேண்டும். சுவீடனில் புதியவர்களுக்கான 'தயாரிப்பு வகுப்பு' என்ற தனி வகுப்புக்கு உச்சவரம்பு 2 வருடம்.

ஆகவே பள்ளியில் சேர்க்கப் போகும்போது வகுப்பின் பெயரை விட்டுவிட்டு நான்கு விஷயம் கேளுங்கள்: முதல் வாரத்திலிருந்தே எந்தெந்தப் பாடத்துக்கு மற்றவர்களோடு உட்காருவான், தனி வகுப்பிலிருந்து எப்போது வெளியே வருவான், அதை யார் எதை வைத்து முடிவு செய்வார்கள், வந்த பிறகு யார் கவனிப்பார்கள். முதல் கேள்விக்கே 'எதற்கும் இல்லை' என்று பதில் வந்தால், வேறு பள்ளி பார்க்க வழி இருந்தால் பாருங்கள், இல்லையென்றால் கணக்குக்காவது அனுப்பச் சொல்லி விடாமல் கேளுங்கள்.