64 ஜிபி என்று விற்கிற எம்பி3 பிளேயர்: யாழ்ப்பாணத்தில் வாங்க இருப்பவர்கள் கவனம்

பட்டணத்துக் கடைகளில் பெட்டியில் 64 ஜிபி என்று அடித்த, பெயர் தெரியாத கம்பெனி எம்பி3 பிளேயர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கப் போகிறவர்கள் இதை ஒருக்கா வாசித்துவிட்டுப் போங்கள்.

அப்பாவிடம் பழைய கசெற்றுகள் நிறைய உண்டு, பெரும்பாலும் அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரமும் தட்சிணாமூர்த்தியின் தவிலும். எல்லாவற்றையும் 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கிக் கணினியில் ஏற்றினேன், 90 நிமிடக் கசெற் ஒன்று ஏறக்குறைய 216 எம்பி வரும். ஃபோன் திரையைத் தடவுவது அவருக்குச் சரிவராது, பொத்தான் வேண்டும், அதனால்தான் இந்தப் பிளேயர்.

பாட்டுகள் ஒரு பிழையும் காட்டாமல் ஏறின, பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. முதல் முப்பது கசெற்றுக்கு மேல் நன்றாகவே பாடியது. அதற்குப் பிறகு தனித் தவில் தொடங்கும், இரண்டு விநாடியில் கிர்ரென்று ஒரு சத்தம், உடனே அடுத்ததற்குத் தாவிவிடும், அதுவும் அப்படியே. "நான்தான் பிழையா அமத்திப்போட்டன் போல" என்று அப்பா சொன்னபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

உள்ளே இருந்தது 8 ஜிபிதான். நினைவகத்தைக் கட்டுப்படுத்துகிற சிப்பை மாற்றி எழுதி 64 என்று பொய் சொல்ல வைக்கிறார்கள். 8 நிரம்பிய பிறகு போடுகிற பாட்டுக்குப் பெயரும் அளவும் மட்டும் பதியும், பாட்டு இருக்காது. கணினி காட்டுகிற எண்ணை வைத்து இதைக் கண்டுபிடிக்க ஏலாது (உண்மையான 64 ஜிபியையே விண்டோஸ் 59 சொச்சம் என்றுதான் காட்டும், அது களவு இல்லை). எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருள் முழு இடத்தையும் நிரப்பித் திருப்பி வாசித்துப் பார்க்கும். மணிக்கணக்கில் எடுக்கும், இரவில் போட்டுவிட்டுப் படுங்கள், ஆனால் பாட்டு ஏற்ற முன்னமே செய்யுங்கள்.

அந்த மென்பொருள் காட்டிய முடிவைக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பார்க்கவே இல்லை. "பாட்டு ஃபைல்தான் பிழை தம்பி, சாமான் நல்லது, வித்த சாமான் திருப்பி எடுக்கிறேல்லை" என்றார். பில்லில் "எம்பி3 - 1" என்று மட்டும் இருக்கிறது, 64 என்று ஒரு இடத்திலும் இல்லை. பில்லில் கொள்ளளவை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், மறுத்தால் அந்தக் கடையே வேண்டாம்.

மெமரி கார்ட் போடுகிற பிளேயர் என்றால் நல்லது, கார்ட் போலியாக இருந்தாலும் அதை மட்டும் மாற்றலாம். எவ்வளவு ஜிபி வரை எடுக்கும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், பழைய மாதிரிகள் சில 32க்கு மேல் வாசிக்காது.

நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறைப்பாடு சொல்லியிருக்கிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் பெட்டியையும் பில்லையும் எறியாமல் வைத்துக்கொண்டு நீங்களும் எடுத்துச் சொல்லுங்கள், அந்தப் பெட்டிகள் இன்னும் கண்ணாடி அலுமாரியில்தான் அடுக்கிக் கிடக்கின்றன.