காசா, கருத்தா?
பிரதிலிபிங்கிற கதை ஆப்புல ஓசியா தொடர்கதை படிக்கிறோம், எழுதுறவங்களுக்கு என்ன செய்யலாம்னா ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு காசு, அந்த ஆப்புலயே காயின் வாங்கி அன்பளிப்பா ஸ்டிக்கர் அனுப்பலாம், இல்ல அதே கதை பின்னாடி அமேசானோட மின்புத்தகக் கடையான கிண்டில்ல வந்தா அங்க படிக்கலாம், கிண்டில் அன்லிமிடெட்ங்கிற சந்தா திட்டத்துல எத்தனை பக்கம் படிக்கிறோமோ அதுக்கு ஏத்த மாதிரிதான் அவங்களுக்குப் பணம் போகும், அதனால நாலு பக்கத்தோட விட்டுடாம கடைசி வரைக்கும் படிங்க (பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப் குரூப்ல சுத்த விடுறது அவங்க வயித்துல அடிக்கிற வேலை, தயவுசெஞ்சு வேணாம்).

இன்னொண்ணு விமர்சனம். வெறும் "சூப்பர் சிஸ், அடுத்த எபி எப்போ"ன்னு போடாம, மாமியார் பீரோ சாவிய நீட்டுற இடத்துல அழுதுட்டேன்னு குறிப்பா ஒரு வரி எழுதுனா, பாதில நிக்கிற கதைகூட நகரும். என்னைக் கேட்டா தொடர் ஓடிட்டு இருக்கும்போது கருத்துதான் பெருசு, முடிஞ்சு புக்கா வந்தப்புறம் காசு.