ஆஸ்துமா இருமலுக்கு இன்ஹேலரா, மாத்திரையா?

8 வாரம் தாண்டிய இருமல். சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம். ஆஸ்துமா என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்புறம் வரும் குழப்பம் இது.

அளவு: மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தான சால்பியூட்டமால் மாத்திரை 4 மில்லிகிராம், உடம்பெல்லாம் சுற்றும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இன்ஹேலரில் ஒரு அழுத்தம் 100 மைக்ரோகிராம், நாற்பதில் ஒரு பங்கு; நேராக மூச்சுக்குழாய்க்கே போகும். "பழகிவிடும்" என்று பயந்து ஒதுக்காதீர்கள்.

செலவு: மாத்திரை மலிவு. இன்ஹேலர் முதலில் கையைக் கடிக்கும்.

சுலபம்: மாத்திரையை விழுங்கினால் போதும். இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அழுத்தும்போதே மெதுவாக இழுத்து, 10 நொடி அடக்க வேண்டும். தடுமாறும் பெரியவர்களுக்கு ஸ்பேசர் (மருந்தைப் பிடித்து வைத்து, நிதானமாக இழுக்க உதவும் குழாய்) மாட்டிக் கொடுங்கள். ஸ்டீராய்டு (மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) இன்ஹேலர் என்றால், இழுத்த பிறகு வாய் கொப்பளிப்பது கட்டாயம்.

என் ஓட்டு இன்ஹேலருக்கே. ஸ்பேசர் வைத்தும் இழுக்க முடியாதவருக்கு மாத்திரை, அதுவும் டாக்டர் சொன்னால்.